சுடலைமுத்து மாற்றிய சொல்

எழுதி முடித்த கடதாசியை முத்திரை குத்துவதற்கு முன் சுடலைமுத்து மூன்று தடவை வாசிப்பார். முதல் தடவை, எழுதிய ஆளாக. இரண்டாம் தடவை, அதைக் கொண்டுபோகப் போகிற ஆளாக. மூன்றாம் தடவை, அதில் பிழை பிடிக்கவென்றே எங்கோ ஒரு அரசாங்கக் கந்தோரில் காத்திருக்கிற ஆளாக. இந்த மூன்றாம் வாசிப்புக்குத்தான் நேரம் அதிகம் எடுக்கும். உதடு அசையும், கழுத்து நரம்பு புடைக்கும். எதிரே இருக்கிறவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தால், "பொறுங்கோ, பிழை இருந்தால் போற இடத்தில உங்களைத்தான் நிப்பாட்டி வைப்பினம்" என்பார். பிறகுதான் முத்திரை விழும். அதுவும் கடதாசிக்கு வலித்துவிடுமோ என்பதுபோல, மெல்ல.

கிளிநொச்சியில் மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போகிற வழியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. அதன் பின்பகுதியைப் பலகையால் தடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மேசை, மூன்று பிளாஸ்ரிக் கதிரைகள், காற்றைவிடச் சத்தத்தை அதிகம் தருகிற ஒரு மின்விசிறி. 'சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்' என்று மூன்று மொழியிலும் எழுதிய பலகை உள்ளே, அவருடைய தலைக்கு மேல் தொங்குகிறது. தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாது. பிறப்புச் சான்றிதழ், காணிப் பெர்மிற், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வருகிறவற்றைத் தமிழாக்குவதும், தமிழில் வருகிறவற்றை மற்ற இரண்டுக்கும் மாற்றுவதும் அவருடைய தொழில். வயது ஐம்பத்தேழு. "பாத்துச் சொல்லுங்கோ, நான் எழுதப் போறன்" என்பதுதான் வருகிற எல்லாரிடமும் அவர் சொல்லுகிற முதல் வசனம்.

பயந்த மனிதர். இதை மறைக்க அவர் முயல்வதில்லை, முயன்றாலும் முடியாது. வாசலில் ஒரு மோட்டச்சைக்கிள் வந்து நின்று, எஞ்சின் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் அவருடைய பேனா நின்றுவிடும். தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தால் எடுக்கமாட்டார். அந்த இலக்கத்தைச் சுவர்க் கலண்டரின் ஓரத்தில் எழுதிவிட்டு, இரண்டாம் முறையும் அடிக்கிறதா என்று பார்த்திருப்பார். கலியாண வீட்டில் படம் பிடிக்கிறவர் கிட்ட வந்தால் செருப்பைத் தேடுகிறவர்போலக் குனிந்துகொள்வார். நாலு பேர் சேர்ந்து கையெழுத்து வைக்கிற எந்த மனுவிலும் அவருடைய பெயர் இராது. "இவருக்குக் கனவிலயும் ஐடென்ரிக் காட் காட்டச் சொல்லித்தான் கேக்கினம்" என்று மனைவி ராஜினி சொல்லுவார். சிரித்துக்கொண்டுதான் சொல்லுவார், ஆனால் அது பகிடி அல்ல.

அவருடைய ஒன்பதாவது வயதில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்து வரிசை வீட்டில், பட்டப்பகலில் ஒரு கூட்டம் வந்து கதவைத் தட்டியது. எழுபத்தேழாம் ஆண்டு, தமிழரைத் தேடி அடித்த கலவரம். கையில் தடியும் கத்தியும் வைத்திருந்தவர்கள் அப்பாவிடம் ஏதோ கேட்டார்கள். அப்பா சிங்களத்தில், அவர்களுடைய ஊர்க்காரர் பேசுவதுபோலவே, பதில் சொன்னார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனார்கள். அடுத்த கதவில் இருந்தவருக்குச் சிங்களம் வராது. பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம், அம்மாவின் கை வாயைப் பொத்தியிருக்க, சின்னப் பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். எதிரே நிற்கிறவனுக்குப் பிடித்த சொல்லைச் சொன்னால் உயிரோடு இருக்கலாம் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அவனே கற்றுக்கொண்டான்.

அந்த வருடமே குடும்பம் வன்னிக்கு இறங்கியது. தர்மபுரத்துப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். வந்த புதிதில் ஒரு கோயில் அன்னதானத்தில், சோறு போட்டுக்கொண்டு வந்த ஒரு அம்மா அவன் இலைக்கு முன்னால் நின்று, "காணுமே?" என்று கேட்டார். கண் தெரிகிறதா என்று கேட்கிறார் என்று நினைத்து, "நல்லாத் தெரியுதுங்க" என்றான். பந்தி முழுவதும் சிரித்தது. தோட்டத்தில் 'போதும்' என்பார்கள். இந்த மண்ணில் அதற்கு 'காணும்' என்பார்கள், போதாது என்பதற்குக் 'காணாது' என்பார்கள் என்று அவனுடைய அம்மாவுக்கே அன்றுதான் தெரிந்தது. அன்று பட்ட வெட்கத்தில் இருந்துதான் சொற்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பழக்கம் வந்தது என்பது அவருடைய எண்ணம்.

அவர் அதிகம் சந்தேகப்பட்ட சொல் 'திருப்தி'. அரசாங்கக் கடதாசிகளில் அது வராத இடமில்லை. பிரதேச செயலாளர் திருப்தியுறும் வகையில், காணி அதிகாரியின் திருப்திக்கமைய, மேற்படி விளக்கத்தில் நான் முழுத் திருப்தி அடைகிறேன். ஆனால் இத்தனை வருடத்தில், மேசைக்கு முன்னால் வந்து இருந்த ஒருவர்கூடத் தன் வாயால் அந்தச் சொல்லைச் சொல்லி அவர் கேட்டதில்லை. நெல் நன்றாக விளைந்தால் "பரவாயில்லை" என்பார்கள். வழக்கு முடிந்தால் "மனம் ஆறிச்சு" என்பார்கள். கொக்கிளாயில் இருந்து படகுப் பதிவுக்கு வந்த ஒருவர், "இண்டைக்குக் கடல் தந்தது" என்று சொன்னார். இவற்றையெல்லாம் பழைய கலண்டர் தாள்களின் பின்புறத்தில் அவர் குறித்து வைத்திருக்கிறார். எந்த ஒன்றுக்கும் எதிரே 'திருப்தி' என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. ஒரேயொரு தடவை எழுதினார். எழுதக்கூட இல்லை, வாயால் சொன்னார்.

அது இரண்டாயிரத்துப் பதினாறில். காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்த ஒரு குழு கண்டாவளையில் ஒரு பொதுமண்டபத்தில் இருந்தது. வழக்கமான மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். சுடலைமுத்துவைக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவை மறுத்தார். மூன்றாம் தடவை கூப்பிட்டவர், "வராட்டி ஏன் வரேல்ல எண்டு கேப்பினம், பிறகு நான் என்ன சொல்லுறது?" என்றார். அந்தப் பயத்தில் போனார்.

நாகேஸ்வரி என்ற தாய் அன்று ஒன்பதாவது ஆள். மூத்த மகன் பிரதீபன், யுத்தம் முடிந்த வைகாசியில் இருபத்தொரு வயது. கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்தவனை ஆமிக்காரர் தனியே கூப்பிட்டு ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அவா, அந்தத் தாய், பார்த்துக்கொண்டு நின்றா. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. பிளாஸ்ரிக் உறை போட்ட அவனுடைய படத்தை மேசையில் வைத்து, அதன் விளிம்பில் ஒரு விரலை வைத்தபடி பதில் சொன்னா. என்ன நிறச் சேட். பஸ்ஸுக்கு இலக்கம் என்ன. ஏன் மறிக்கவில்லை. வெளிநாட்டில் இருந்து யாரும் போன் எடுக்கிறார்களா. ஒரே கேள்வி நான்கு தடவை நான்கு விதமாக வந்தது. மின்சாரம் இல்லை, மண்டபம் வெந்துகொண்டிருந்தது. பின்வரிசையில், எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத ஒருவர் நீல ரீசேட் போட்டுக்கொண்டு இருந்தார். கையிலே போனை நிமிர்த்திப் பிடித்திருந்தார். அது மேசைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியாக, படிவத்தில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. விசாரணை பற்றி முறைப்பாட்டாளர் திருப்தியடைகிறாரா? அதிகாரி சிங்களத்தில் கேட்டார். சுடலைமுத்து தமிழில் கேட்டார்.

நாகேஸ்வரி படத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "காணும் தம்பி. காணும்" என்றா.

அவருக்கு விளங்கியது. விளங்காமல் போக வழியே இல்லை. உங்கள் கேள்விகள் போதும், என்னை விட்டுவிடுங்கள் என்று அவா சொன்னா. சிங்களத்தில் 'எத்தி' என்று ஒரு சிறிய சொல் இருக்கிறது, போதும் என்று அர்த்தம். அது அவருடைய நாக்கு நுனி வரை வந்தது. அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தார். பின்வரிசையில் இருந்த போன் கொஞ்சம் திரும்பி, நேராக அவருடைய முகத்துக்கு வந்தது. "சொல்லிட்டாங்க" என்று தமிழில் தொடங்கி, திடுக்கிட்டு நிறுத்தி, சிங்களத்துக்கு மாறினார். "அவர் திருப்தி அடைகிறார்" என்றார். அதிகாரியின் முகம் இளகியது. அவர் கட்டத்தில் சரி போட்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஒரு சொல்தானே என்று நினைத்தார். இந்தக் கட்டத்தை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்றும் நினைத்தார். அப்படி நினைத்தே எட்டு வருடம் போனது.

சென்ற வருடம் ஆவணியில், ஒரு முற்பகல், தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான பெண் உள்ளே வந்தா. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, துணிப் பையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தா. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நான்கு வரி. சுடலைமுத்து முதலில் பெயரைப் பார்த்தார். பிறகு ஊரைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த முகத்தைப் பார்க்க முடியாமல் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதிக்கிடக்கு தம்பி?"

"இது கொஞ்சம் சிக்கலான கடிதம் அம்மா. வடிவா எழுதித் தரவேணும். நாளைக்கு வாங்கோவன்."

"ரெண்டு பஸ் ஏறி வந்தனான். நாலு வரிதானே, வாயால சொல்லுங்கோ."

அவா தன்னை அடையாளம் காணவில்லை என்று அவருக்குத் தோன்றியது. அன்று அவா பார்த்தது மேசையில் இருந்த படத்தை மட்டும்தான். இப்போதும் வேறு ஏதாவது சொல்லி அனுப்பலாம். பரிசீலனையில் இருக்கிறது என்று சொன்னால் ஒரு வருடம் நம்பியிருப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளதை உள்ளபடி வாசித்தார். முறைப்பாட்டாளர் விசாரணை குறித்துத் தமது திருப்தியை வெளியிட்டுள்ளமையால் இம்முறைப்பாட்டுக் கோவை இத்துடன் மூடப்படுகிறது.

"திருப்தியோ? ஆர் சொன்னது?"

"நீங்கள் சொன்னதெண்டு எழுதியிருக்கு."

நாகேஸ்வரி கடிதத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்த நான்கு வரியையும் பார்த்தா. "எனக்கு அந்தச் சொல்லே வாயில வாறேல்ல தம்பி. அது ஐயர்மார் சொல்லுற சொல். ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சுப்போட்டு, பிதிர்கள் திருப்தி எண்டு சொல்லுவினம். என்ர பிள்ளைக்கு நான் இன்னும் தண்ணி இறைக்கேல்ல. இறைக்கவும் மாட்டன். பிறகு எப்பிடி நான் அந்தச் சொல்லைச் சொல்லுவன்?" பிறகு, அதே குரலில், "அண்டைக்குப் பக்கத்தில ஒருத்தர் இருந்து மாத்தி மாத்திச் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்தாள் பிழையாச் சொல்லிப்போட்டுதோ தெரியாது. நீங்களும் இந்த வேலைதானே செய்யிறீங்கள், அந்தாளை உங்களுக்குத் தெரியுமோ?" என்றா.

"தெரியாதுங்க" என்றார் சுடலைமுத்து.

அவா அவரைப் பார்த்தா. கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, "எழுதி வையுங்கோ, ஒரு கிழமையில வாறன்" என்று சொல்லிப் போனா.

அன்று மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். யுத்தம் முடிந்து முகாமில் இருந்த காலத்தில், நோயாளிகள் சொல்வதை ஒரு வெளிநாட்டு மருத்துவருக்கு அவர் மொழிபெயர்த்துக் கொடுத்தார். தொழிலைத் தொடக்கி வைத்ததே அதுதான். மருத்துவர் திரும்பிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன ஒரு தடித்த ஆங்கில அகராதி அலுமாரியில் இருந்தது. ஒரு சொல் எங்கே பிறந்தது, எந்தெந்த வீட்டில் வளர்ந்தது என்றெல்லாம் அதில் போட்டிருக்கும். கடிதத்தில் இருந்த ஆங்கிலச் சொல்லைத் தேடினார். சாட்டிஸ்ஃபக்‌ஷன். எதற்காகத் தேடினார் என்று கேட்டால், தப்புவதற்கு என்றுதான் சொல்லுவார். ஒரு சொல்லுக்குப் பத்து அர்த்தம் இருந்தால், அதில் ஏதாவது ஒன்று 'காணும்' என்பதற்குக் கிட்ட வராதா?

கிட்ட வந்தது. இலத்தீனில் அதன் முதல் பாதிக்குப் 'போதும்' என்றுதான் பொருள். அவருக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. விரலை வைத்து அடுத்த வரிக்குப் போனார். மறுபாதிக்குச் 'செய்தல்' என்று பொருள். போதுமான அளவு செய்தல். அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்த காலத்தில் அது மனதில் உண்டாகிற ஒரு நிறைவைக் குறிக்கவில்லை. பிழை செய்தவன் அதை வாயால் ஒப்புக்கொண்ட பிறகு, அதற்கு ஈடாகச் செய்து தீர்க்க வேண்டிய காரியத்துக்குத்தான் அந்தப் பெயர். பாதிக்கப்பட்டவர் உணர்கிறது என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அகராதியை மூடி மடியில் வைத்தார். அந்தக் கட்டத்தில் சரி போட வேண்டியது நாகேஸ்வரி அல்ல. எட்டு வருடமாக எல்லாரும், அவர் உட்பட, பிழை செய்தவனை விட்டுவிட்டுப் பிழையான ஆளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ராஜினிக்கு அன்றுதான் முழுவதையும் சொன்னார், மாற்றிச் சொன்னதை எழுதிக் கொடுக்கப் போவதையும் சொன்னார். குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ராஜினியின் முகம் மெல்ல மெல்ல மாறியது. மகள் யதுர்ஷிகாவின் பெயர் ஆசிரியர் நியமனப் பட்டியலில் வந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது.

"இந்த நேரத்திலயோ? பிள்ளைக்குக் கடிதம் கைக்கு வரட்டும், பிறகு செய்யுங்கோ."

"பிறகு நான் செய்யமாட்டன். என்னை உமக்குத் தெரியும்தானே."

"உங்கட பேரை நீங்களே எழுதிக் குடுக்கப் போறீங்களோ? மோட்டச்சைக்கிளில ஆக்கள் வந்து கேட்டால் என்ன சொல்லுவீங்கள்?"

"தெரியேல்ல."

"தெரியாத நம்பர் அடிச்சாலே எடுக்காத ஆள் நீங்கள்."

"ஓம்."

ராஜினி அடுப்பை அணைத்தார். திரும்பாமலே, "அந்தப் பெடியன்ர பேர் என்னவாம்?" என்று கேட்டார். பிரதீபன் என்றார். காலையில் குளித்துவிட்டு வந்தபோது, கந்தோர்களுக்குப் போடுகிற வெள்ளைச் சேட் மினுக்கி, மடிப்புக் கலையாமல் கதிரையில் போட்டிருந்தது.

ஒரு கிழமை காத்திருக்கவில்லை. காத்திருந்தால் மனம் மாறிவிடும் என்று தெரியும். கண்டாவளைக்கு முதல் பஸ். நாகேஸ்வரி வளவில் மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவே புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தா. வேலிப் படலைக்கு இந்தப் பக்கம் நின்றே அவர் சொல்லத் தொடங்கினார். பாதியில் சொற்கள் முட்டின. மூன்று மொழி தெரிந்த மனிதருக்கு ஒரு மொழியிலும் வாய் வரவில்லை.

"உள்ளுக்கு வாங்கோ" என்றா அவா. "நீங்கள்தான் எண்டு நேற்றே தெரியும். 'தெரியாதுங்க' எண்டு சொன்னீங்கள். எங்கட ஆக்கள் அப்பிடி 'ங்க' போடுறேல்ல. அண்டைக்கு மண்டபத்திலயும் ஒருக்காப் போட்டனீங்கள்."

அவருக்கு உடம்பு கூசியது. அவருடைய பயம் நாற்பத்தேழு வருடமாக எங்கே ஒளிந்திருந்து, எப்போது வெளியே வருகிறது என்பதை இந்தத் தாய் இரண்டு எழுத்தில் பிடித்துவிட்டா.

"ஏன் மாத்திச் சொன்னனீங்கள்?"

"பயத்தில அம்மா."

"ஆருக்குப் பயம்?"

"அதுதான் தெரியேல்ல."

நாகேஸ்வரி பிடுங்கிய புல்லைக் குவியலில் போட்டா. "எனக்கும் பயம்தான். படலை சத்தம் போட்டால், அவன் வந்திட்டான் எண்டு ஒரு பயம் வரும். அவன் இனி வரமாட்டான் எண்டு சொல்ல ஆரும் வருகினமோ எண்டு இன்னொரு பயம் வரும். ரெண்டும் ஒண்டாத்தான் வரும். நான் அதுக்காகப் படலையைக் கட்டி வைக்கேல்ல." கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தா. "நீங்கள் சொன்னது பிழை எண்டு எழுதித் தருவீங்களோ?"

"ஓம்."

"அப்ப போய் எழுதுங்கோ."

தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று அவா கேட்கவில்லை. படலை தாண்டி வந்த ஒருவரிடம் அதைக் கேட்காமல் விடுவது வன்னியில் சின்ன விஷயம் அல்ல. சுடலைமுத்து அதை நியாயம் என்று எடுத்துக்கொண்டார்.

சத்தியக்கடதாசியை மூன்று மொழியிலும் தானே எழுதினார். அதில் உறுதிக் கையெழுத்து வைக்க வேண்டிய சமாதான நீதவான் ஏரம்பு மாஸ்டர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இருபது வருடப் பழக்கம். "முத்து, இதை அனுப்பினால் நீ இதுவரைக்கும் செய்த எல்லாக் கடதாசியையும் கிளறுவாங்கள். பயம் எண்டு ஏன் எழுதிறாய்? சத்தத்தில சரியாக் கேக்கேல்ல எண்டு எழுது. ஒருத்தருக்கும் சேதம் இல்லை." சுடலைமுத்துவுக்கு அது எவ்வளவு நல்ல யோசனை என்று தெரிந்தது. வேர்த்துக்கொண்டே, "கேட்டது மாஸ்டர்" என்றார். கடதாசியில் அந்த வரி அப்படியே இருந்தது: முறைப்பாட்டாளர் கூறிய சொல் 'காணும்' என்பதாகும். கேள்விகள் போதும் என்பதே அதன் பொருள். அதை அறிந்திருந்தும், அச்சம் காரணமாக, அவர் திருப்தியடைந்ததாக நான் மொழிபெயர்த்தேன்.

கோவையை மூடிய கந்தோருக்குப் பதிவுத் தபாலில் போட்டார். பன்னிரண்டாம் நாள் மோட்டச்சைக்கிள் வந்தது. எஞ்சின் நிற்கவில்லை. சிவில் உடுப்பில் வந்த, எந்தக் கந்தோர் என்று சொல்லாத இரண்டு பேரில் ஒருவர் வாசலில் நின்றார். மற்றவர் உள்ளே வந்து, கேட்காமலே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தமிழ் நன்றாகக் கதைத்தார். மரியாதையாகவும் கதைத்தார். சுடலைமுத்து என்கிறது நீங்கள்தானா, வீடு தர்மபுரமா, எத்தனை பிள்ளைகள், மகள் ரீச்சராகப் போகப்போகிறாராமே, நல்லது. மேசையில் இருந்த கடதாசிகளில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். "வயசான ஆக்கள் சொல்லுறதைக் கேட்டு நீங்கள் ஏன் ஐயா கஷ்டப்படுறீங்கள்?" என்றார். அது கேள்வியா அறிவுரையா என்று இன்று வரைக்கும் அவருக்குத் தெரியாது. அவர்கள் போன பிறகு, வந்தவர் எடுத்துப் பார்த்த கடதாசியைச் சுடலைமுத்து எடுத்து மூன்று தடவை வாசித்தார். போட்டோக்கொப்பிக் கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மெல்ல, "அண்ணை, வேற இடம் ஒண்டு பாக்கிறீங்களோ?" என்று கேட்டார். பிறகு அந்தக் கதையை அவரே விட்டுவிட்டார்.

அதற்குப் பின்னான மாதங்களில் நடந்தவை இவை. விசாரணைகளுக்குக் கூப்பிடும் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் இருந்து அவருடைய பெயர் எடுக்கப்பட்டதாக ஒரு கடிதம் வந்தது. பிறப்புச் சான்றிதழ்களுக்கு முத்திரை குத்தும் உரிமையை யாரும் இன்னும் தொடவில்லை. ஆசிரியர் பட்டியலில் இருந்த மற்றவர்களுக்கு நியமனம் கிடைத்து இரண்டு மாதம் கழித்து யதுர்ஷிகாவுக்குத் துணுக்காயில் ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. அது வெறும் தாமதமாகவும் இருக்கலாம். வெறும் தாமதம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை நம்பித்தான் அவருக்குப் பழக்கமில்லை. அந்த இரண்டு மாதமும் ராஜினி ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. படலைக்குப் புதுக் கொழுக்கி ஒன்று மட்டும் வாங்கிப் போட்டார்.

இந்தத் தை மாதம் நாகேஸ்வரிக்கும் சுடலைமுத்துவுக்கும் ஒரே திகதி போட்டுக் கடிதம் வந்தது. கோவையைத் திறப்பதா இல்லையா என்று முடிவெடுப்பதற்கு முன் விளக்கம் கேட்கிறார்களாம். கிளிநொச்சியில் ஒரு மண்டபம். புதிய அதிகாரி, இளம் வயது, களைத்த கண். பக்கத்தில் புதிய மொழிபெயர்ப்பாளர், ஒரு பெண்பிள்ளை. அவளுடைய தேவை சுடலைமுத்துவுக்கு இருக்கவில்லை. அவருடைய பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். சுவரோரமாக, கையில் போனோடு, இன்று வேறு ஒருவர் நின்றார்.

அதிகாரி சத்தியக்கடதாசியைப் புரட்டினார். குரலில் கோபம் இருக்கவில்லை. உண்மையாகவே உதவி செய்ய விரும்புகிறவர்போலத்தான் சிங்களத்தில் கேட்டார். "அன்று மண்டபத்தில் நிறையச் சனம் இருந்திருக்கும். சத்தம் இருந்திருக்கும். நீங்கள் பிழையாகக் கேட்டிருக்கலாம், இல்லையா? அப்படி என்று சொன்னால் நான் குறித்துக்கொள்கிறேன். உங்களுக்கும் பிரச்சினை இல்லை."

எதிரே இருக்கிறவருக்குப் பிடித்த சொல் மேசையில் தயாராக வைக்கப்பட்டிருந்தது. எடுத்தால் போதும். சுடலைமுத்து சுவரோரம் இருந்த போனை ஒருதடவை பார்த்தார்.

"சரியாகக் கேட்டது சேர்" என்றார் சிங்களத்தில். "பிழையாகச் சொன்னேன்."

அதிகாரி எழுதினார். எழுதி முடிக்கும்வரைக்கும் மண்டபத்தில் பேனாச் சத்தம் கேட்டது. பிறகு, போய் உட்காரலாம் என்று கை காட்டினார்.

உட்காரத்தான் இடம் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது, தெரிந்த முகங்கள் எல்லாம் கையிலிருந்த கடதாசிகளுக்குள் குனிந்திருந்தன. அவரிடம் பிறப்புச் சான்றிதழ் எழுதிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். ஒருவர் தன் பக்கத்துக் கதிரையில் குடையை எடுத்து வைத்தார். சுவரோரம் நின்றவருடைய போன் சுடலைமுத்து கூடவே மெல்லத் திரும்பி வந்தது. வெளியே போய்விடலாம் என்று வாசலைப் பார்த்தார்.

முன்வரிசையில் நாகேஸ்வரி இருந்தா. அவாவின் துணிப்பை பக்கத்துக் கதிரையில் இருந்தது, மகனின் படமும் பதினைந்து வருடக் கடிதங்களும் திணித்த பை. அவா சுடலைமுத்துவின் முகத்தைப் பார்க்கவில்லை. பையைக் காதைப் பிடித்துத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வெறுமையான கதிரையை உள்ளங்கையால் ஒருதடவை துடைத்துவிட்டா.

அவர் அதில் போய் இருந்தார். இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே வைத்து இறுக்கிக்கொண்டார்.